மாடத்தியின் வலது முழங்கால்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவரிடம்தானே போய்க் கற்க வேண்டும்.

குரு, டாக்டர் ஜெபமலர். பாளையங்கோட்டையில் மூட்டுகளுக்கு மட்டும் ஸ்கேன் பார்ப்பவர். சீடர், டாக்டர் பொன்னையா. மூட்டு மாற்று அறுவை செய்தே தலை நரைத்தவர். அவருடைய மருத்துவமனைக்குப் புது அல்ட்ராசவுண்ட் கருவி வந்திருந்தது. ஓட்டத் தெரியாமல் கார் வாங்கிய கதையாகிவிடக் கூடாதென்று வாரம் ஒரு நாள் ஜெபமலரிடம் வந்து உட்கார்ந்தார். நல்ல மாணவர்தான். புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் செய்வார்.

அன்று வந்தவள் மாடத்தி. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. கடை திறந்தது முதல் ஷட்டர் இறக்கும் வரை நிற்க வேண்டும்.

"என்ன செய்யுது?" என்று கேட்டார் ஜெபமலர்.

"வலது முழங்கால், டாக்டர். நின்னா உள்பக்கமா வலிக்கி. மத்தியானத்துக்கு மேல அழுகையே வந்துரும். உக்காந்துட்டா ஒண்ணுமில்ல. அதனாலதான் சூப்பர்வைசர் நான் நடிக்கேங்காரு."

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"லேசா தேய்மானம், வேற ஒண்ணுமில்லன்னுட்டாங்க. கால்ல கோளாறுன்னு டாக்டர் எழுதித் தந்தா பில் போடுற இடத்துல உக்கார வைப்பாங்களாம். இல்லன்னா வேலைக்கு வர வேண்டாமாம்."

ஜெபமலர் சீடரைப் பார்த்தார். "நீங்க பாருங்க சார்."

பொன்னையா முறைப்படியே செய்தார். கட்டிலில் படுக்க வைத்தார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தார். ஜெல் தடவி, அழுத்தாமல் கருவியை நகர்த்தினார். குருத்தெலும்பின் கனம், எலும்பின் ஓரம், மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரத்த ஓட்டத்தைத் திரையில் கலராகக் காட்ட வைத்து, அழற்சி இருக்கிறதா என்றும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"வயசுக்கேத்த தேய்மானம்தான். நீர் இல்ல, வீக்கம் இல்ல."

மாடத்திக்கு முகம் செத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்போ நடிக்கேன்னு எழுதிருவீங்களா, டாக்டர்?"

பொன்னையாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. மனுஷர் இளகிய மனசுக்காரர். குருவின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டார்.

"இந்தம்மா பொய் சொல்றதா எனக்குத் தோணல. ஆனா, திரையில இல்லாத வலியை நான் எப்படி மேடம் எழுதுறது?"

ஜெபமலர் எழுந்தார். கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த மரப்படியைக் காலால் இழுத்து அறைக்கு நடுவே போட்டார்.

"இதுல ஏறி நில்லுங்கம்மா. கடையில நிக்கிற மாதிரியே நில்லுங்க."

மாடத்தி ஏறினாள். எதிரே சேலை விரிக்கும் மேசை இருப்பது போல உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றாள்.

ஜெபமலர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீங்களும் வாங்க சார்."

"கீழ உட்கார்ந்தா எனக்கு எழுந்திருக்க முடியாது மேடம். முட்டி."

"பரவால்ல, வாங்க."

ஊரார் முட்டியையெல்லாம் மாற்றியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெபமலர் முழங்காலின் உள்பக்கத்தில் கருவியை வைத்தார். திரையில் மூட்டின் இடைவெளி தெரிந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய ஜவ்வு நசுங்கி வெளியே பிதுங்கி நின்றது. பக்கத்துத் தசைநாரையும் வளைத்துத் தள்ளியிருந்தது.

"அந்த இடந்தான் டாக்டர்" என்றாள் மாடத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"படுங்கம்மா."

படுத்தாள். ஜவ்வு உள்ளே போய்விட்டது.

"நில்லுங்க."

மறுபடியும் பிதுங்கியது. இந்த முறை கருவி பொன்னையாவின் கையில் இருந்தது. அவர் திரையையும் மாடத்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜெபமலர் படத்தை நிறுத்தி மாடத்திக்கும் காட்டினார். "கோளாறு இருக்கு. உக்கார வைக்கணும்னு எழுதித் தாரேன்."

மாடத்தி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "எனக்கே சந்தேகம் வந்துட்டு டாக்டர், நடிக்கோமோன்னு."

எழுதியதை வாங்கிக்கொண்டு அவள் போன பிறகும் பொன்னையாவுக்கு மனசு ஆறவில்லை.

"அப்போ நான் முதல்ல பார்த்தது தப்பா, மேடம்?"

"தப்பே இல்ல சார். ஒரு குறை சொல்ல முடியாது."

"பின்னே எனக்கு ஏன் தெரியல? படுக்க வெச்சுப் பார்க்கணும்னுதானே புத்தகத்துல இருக்கு?"

ஜெபமலர் கருவியில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"படுத்திருக்கிற முழங்காலை நல்லாத்தான் பார்த்தீங்க. படுத்திருக்க அவங்களுக்கு யாரு சார் சம்பளம் தாரா?"