உடும்பாரின் காலி இடம்

மழைக்கு முன்னால் முட்டையிட மேட்டில் ஓர் இடம் கேட்டாள் கௌதாரி. நாலு முட்டையில் ஒன்றைத் தமக்குத் தந்தால்தான் இடம் என்றார் உடும்பார். காட்டுப் பஞ்சாயத்தில் யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்கிற அதிகாரி அவர்தான்.

"ஐயா, குஞ்சு பொரிக்கத்தானே இடம் கேட்கிறேன். முட்டையையே கேட்டால் எப்படி?"

"மூன்று மிஞ்சுமே, அம்மணி. போதாதா?"

கௌதாரி தரையில் முட்டையிடுகிறவள். பள்ளத்தில் இட்டால் வெள்ளம் கொண்டுபோய்விடும். தலைவர் கரடியாரிடம் ஓடிப் புகார் சொன்னாள். கரடியார் உடும்பாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அதிகாரிகள் எல்லோருக்கும் இருபத்தொரு நாள் நேர்மைப் பயிற்சி கட்டாயம் என்று அறிவித்தார். வகுப்பெடுக்கப் பக்கத்துக் காட்டு மைனா வந்தது. கௌதாரியின் மனு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

பாறைக்கடியில் மழை படாத வாசல் களிமண்ணில் காலைப் பதித்தால் அன்றைய வருகை. முதல் நாளே விடியுமுன் வந்த உடும்பார், வரிசையாக இருபத்தொரு தடம் பதித்தார். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இருக்கிற தமக்கு ஒரு மைனா என்ன சொல்லித் தரும் என்று முனகிக்கொண்டே வெயில் காயப் போய்விட்டார்.

கௌதாரி அந்தத் தடங்களை எண்ணிப் பார்த்தாள். வகுப்பில் உடும்பாருக்கென்று வைத்திருந்த இடத்தையும் பார்த்தாள். பதவிக்கேற்ற நல்ல மேடு. காய்ந்த புல், மேலே புதர். இனி இந்தக் காட்டில் உடும்பார் எட்டிப் பார்க்காத இடம் இது ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கேயே முட்டையிட்டு அடைகாத்தாள்.

பாதி அதிகாரிகள் தூங்கினார்கள். மைனாவிடம் கேள்வி கேட்டவள் கௌதாரி ஒருத்திதான். பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளமெல்லாம் நிரம்பியது. மேட்டில் ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை.

கடைசி நாள் கரடியார் கையால் சான்றிதழ் வாங்க உடும்பார் வந்தார். அவர் இடத்தில் கௌதாரியும் நாலு குஞ்சுகளும் இருந்தார்கள்.

"யாரைக் கேட்டு இங்கே உட்கார்ந்தாய்? இது என் இடம்."

கௌதாரி எழுந்திருக்கவில்லை. "தலைவரே, இவர் தினமும் வந்திருந்தால், நான் இங்கே அடைகாத்ததைப் பார்த்துச் சரியென்று விட்டவர் இவர்தான். வரவில்லையென்றால், வாசலில் இருக்கிற இருபத்தொரு தடமும் எப்படி வந்தது?"

எல்லோரும் உடும்பாரின் காலைப் பார்த்தார்கள். அவர் அதை மெல்ல வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"வந்தேன்," என்றார். "இந்த இடத்தை அவளுக்குக் கொடுத்ததே நான்தான்."

"எதுவும் வாங்காமலா?" என்று கேட்டது மைனா.

"எதுவும் வாங்காமல்தான்."

கரடியாருக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தாயா கௌதாரி, பயிற்சி எப்படி வேலை செய்கிறது!"

குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு கௌதாரி சொன்னாள்: "தப்பு செய்தவருக்கு வகுப்பெடுத்தால் தப்பு நிற்காது, தலைவரே; நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டால்தான் நிற்கும்."