கொம்பைமலை பஸ்ஸுக்குப் புது எஞ்சின்

அநியாயம் நடந்தது தமயந்திக்கு. செய்தவர்கள் கூளிப்பட்டி டீசல் பட்டறைக்காரர்கள் மூவர்: அங்கண்ணன், நாச்சிமுத்து, சென்னிமலை. கொம்பைமலைக்கு ஓடும் அவளுடைய ஒரே பஸ்ஸைப் புது எஞ்சின் செய்து பூட்டித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு, ஊர் பார்க்க அவள் மானத்தையும் வாங்கிவிட்டார்கள். பாவம், அறியாப் பிள்ளைகள் என்று யாரும் பரிந்து பேச வேண்டாம். மூவருக்கும் மீசை இருக்கிறது.

பழைய எஞ்சின் கரும்புகை கக்கியது. ஒழுங்கான எஞ்சினோடு மலையேறிக் காட்டினால்தான் பெர்மிட் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். தமயந்தி பட்டறையில் வந்து தெளிவாகத்தான் சொன்னாள்.

"புகை வரக்கூடாது. சூடேறக்கூடாது. டீசல் குடிக்கக்கூடாது. அம்பது பேரோட மலையேறணும்."

மூவரும் எஞ்சினைச் செய்தார்கள். கிளப்பினால் புகைந்தது. புகைக்குழாயில் சாக்கைத் திணித்தார்கள். விக்கிவிட்டு நின்றது.

"புகை நின்னு போச்சு" என்றார் அங்கண்ணன்.

"எஞ்சினும் நின்னு போச்சேங்ணா" என்றான் சென்னிமலை.

"எஞ்சின் ஓடணும்னு அம்மிணி சொல்லுச்சா?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். சொல்லவில்லைதான்.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின்மேல் கை வைத்தான். "சில்லுனு இருக்குதுங்ணா. டீசலும் சொட்டுக் குறையல."

மூன்று பரிசோதனையிலும் இப்படித் தேறிய எஞ்சின் உலகத்தில் வேறு கிடையாது. மறுத்துப் பேச நானும் முயன்றேன், முடியவில்லை.

"மலையேறணுமே?" என்றான் சென்னிமலை.

"அதுக்குத்தான் அம்பது பேருன்னு அம்மிணியே கணக்குச் சொல்லிருச்சே" என்றார் அங்கண்ணன்.

சோதனை நாளன்று டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் இறக்கி, பஸ்ஸைத் தள்ளவிட்டார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. பயணிகள் சாலையோரம் சாய்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் புகை அளக்கும் கருவியைக் குழாயில் வைத்தார். முள் அசையவில்லை. எஞ்சினைத் தொட்டார். குளிர்ந்தது.

"பஸ்ஸுக்குத்தாம்மா நான் பெர்மிட் தர முடியும்" என்றார் தமயந்தியிடம். "ஊர் கூடி நகத்துற தேருக்குக் கோயில்லதான் கேக்கணும்."

தமயந்தி அங்கண்ணனிடம் திரும்பினாள். "ஏனய்யா, காசு குடுத்து டிக்கெட் எடுத்தவங்க பஸ்ஸைத் தள்ளுறது எந்த ஊர் நியாயம்?"

அங்கண்ணன் வருத்தத்தோடு தலையாட்டினார்.

"தப்புத்தானுங்க அம்மிணி. அவங்க காசைத் திருப்பிக் குடுத்துட்டு எஞ்சினுக்கு டிக்கெட் போடுங்க. அதுதானே உக்காந்துட்டு வருது."