கருப்புப் பூசிய டயர்

ஒரு பரிசுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுவது எங்கும் நடப்பதுதான். முனியன்கொட்டாயில் ஒரு பழிக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முனியன்கொட்டாயில் இருப்பது எட்டே வீடுகள். அதில் ஒன்று பவுனம்மாளுடையது. அவள் கணவர் மாரடைப்பில் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் ஓட்டிய டிராக்டர், டிரெய்லர் மாட்டியபடியே கிணற்று மேட்டில் நிழலே இல்லாத இடத்தில், விட்டது விட்டபடி நின்றது. அதை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். மெக்கானிக் ஒருவர் வந்து இரண்டே நாளில் இன்ஜினை ஓட வைத்துவிட்டார். டயர்தான் பயமுறுத்தியது. டயர்க்கடைச் சவரிமுத்துவை வரவழைத்துக் காட்டினாள்.

சவரிமுத்து முன் டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பக்கவாட்டு ரப்பர் முழுக்க வெடிப்பு. ஒரு வெடிப்பில் ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டார். அது தடையில்லாமல் போய் உள்ளே இருந்த நூலில் முட்டியது. ஓடுகிற டயர் தேயும், வெயிலில் சும்மா நிற்கிற டயர் காய்ந்து செத்துப்போகும் என்று விளக்கினார். காற்றில்லாமல் ஒரே இடத்தில் பாரம் தாங்கியதில் இந்த ரப்பருக்கு உயிரே இல்லை. அச்சுக்குக் கீழே கல் கொடுத்துத் தூக்கி, மேலே ஒரு கூரை போட்டிருந்தால் தப்பியிருக்கும். இனி எந்தப் பசையும் பிடிக்காது, ஒட்டுப் போடவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

"களத்துக்குள்ள நகர்த்தி வச்சுக்கலாம்மா. ஆளையோ சுமையையோ ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு மட்டும் விடாதீங்க. வேகம் எடுத்தா வெடிச்சிரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருகிறார், அதுவரை பார்வைக்கு நன்றாக இருக்கும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று அவள் கேட்டாள். சவரிமுத்து டயரைக் கழுவி, காற்றடித்து, கருப்புப் பாலிஷை இரண்டு கை பூசினார். வெடிப்பெல்லாம் மறைந்து புது டயர் மாதிரி மின்னியது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கரும்புக் காட்டிலிருந்து கத்தல் கேட்டது. கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கப் போன வேடியம்மாளை நல்ல பாம்பு கடித்துவிட்டது. அவள் புருஷன் பெரியான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருப்பதாகவும், வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றும் போனில் சொன்னார்கள். அன்று சந்தை. பைக் வைத்திருந்தவர்கள் யாரும் ஊரில் இல்லை.

தனகோட்டி இருந்தான். கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவன், முப்பத்திரண்டு வயது. பவுனம்மாளின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

"சாவியக் குடு அக்கா. டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பவுனம்மாள் உள்ளே போய்ச் சாவியை எடுத்தாள். வாசலுக்கு வர ஏழெட்டு அடி. அந்த ஏழெட்டு அடியில் அவள் எல்லாவற்றையும் நினைத்தாள். சொன்னால் இவன் தயங்குவான். தயங்கினால் அந்தப் பெண் இங்கேயே செத்துவிடுவாள். வாசலில் வேடியம்மாளின் இமைகள் சரியத் தொடங்கியிருந்தன. சாவி கை மாறியது.

"மெதுவா போ தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

தனகோட்டி மெதுவாகத்தான் போனான். ஏரிக்கரை ஏறியதும், டிரெய்லரில் மனைவியை மடியில் போட்டிருந்த பெரியான் அவளுக்கு மூச்சு இழுக்கிறது என்று அலறினான். வேகமாகப் போகச் சொல்லிக் கெஞ்சினான். தனகோட்டி வேகம் கூட்டினான். சிறிது தூரத்தில் முன் டயர் வெடித்தது. ஸ்டியரிங் கையை விட்டுத் திருகிக்கொண்டு போக, டிராக்டர் கரையிலிருந்து உருண்டது. இணைப்புக் கொக்கி முறிந்து டிரெய்லர் மேலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பால் வண்டி வேடியம்மாளை ஏற்றிக்கொண்டு போனது. அவள் பிழைத்தாள். டிராக்டருக்கு அடியிலிருந்து தனகோட்டியை எடுத்தபோது அவனுக்கு உயிர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மூன்று பேர் தனகோட்டியின் மனைவி காசியம்மாளின் முன்னால் வந்து நின்றார்கள். வெடிப்பை மறைத்துப் பூசியது என் கை, பழி என்னுடையது என்றார் சவரிமுத்து. நிதானமாகப் போனவனை விரட்டியது என் வாய், பழி என்னுடையது என்றான் பெரியான். சாவியைக் கொடுத்தது நான், பழி என்னுடையது என்றாள் பவுனம்மாள். அவளிடம் மட்டும் காசியம்மாள் ஒன்று கேட்டாள்.

"டயர் அப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல" என்றாள் பவுனம்மாள்.

மூவரில் தனகோட்டியின் சாவு யாரைச் சேரும்? பவுனம்மாள் சாவியைக் கொடுத்தது சரியா, தவறா?

விடை: பெரியான் டயரைப் பற்றி எதுவும் அறியாதவன். மனைவி சாகக் கிடக்கும்போது யாரும் செய்வதைச் செய்தான். சவரிமுத்து பூசியது தவறுதான், வண்டி வாங்க வருகிறவரை ஏமாற்றத்தான் அந்தப் பூச்சு. ஆனாலும் வண்டிக்கு உரியவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். சாவியைக் கொடுத்ததைத் தவறு என்று சொல்ல முடியாது, அதனால் ஓர் உயிர் மிஞ்சியது. சாவியோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை விழுங்கியதுதான் தவறு. டயர் கெட்டது என்று தெரிந்திருந்தால், பெரியான் கெஞ்சியபோது எவ்வளவு வேகம் போகலாம் என்பதைத் தனகோட்டி தீர்மானித்திருப்பான். ஆகவே அந்தச் சாவு பவுனம்மாளையே சேரும். காசியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவள் சபிக்கவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் எம் புருஷன் போயிருப்பாரு அக்கா. போறேன்னு அவரு வாயால சொல்ல விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போனாள்.