இரண்டு கோட்டுக்கு நடுவே

தணிகைவேல் வாத்தியாருக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவர், சந்தேகம் வந்தால் சனிக்கிழமை காலையில் தானே மாணவனாகிவிடுவார். அவருடைய குரு கல்லூரிப் பேராசிரியை நப்பின்னை, அவரைவிடப் பத்து வயது இளையவர்.

கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைந்த வாத்தியார் உட்காரக்கூட இல்லை.

“மேடம், மின்விசை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு காட்டப் போடறோமே, அந்த மின்புலக் கோட்டை நான் கண்ணால பார்க்கணும்.”

“திடீர்னு என்ன சார்?”

“பார்க்கணும்.”

நப்பின்னை கண்ணாடித் தட்டில் விளக்கெண்ணெய் ஊற்றினார். இரண்டு பித்தளைக் குமிழ்களை எதிரெதிரே வைத்து, மின்னேற்றும் கருவியோடு கம்பியால் இணைத்தார். ஒரு சிட்டிகை ரவையைத் தூவிவிட்டுக் கருவியின் கைப்பிடியைச் சுற்றினார். தாறுமாறாகக் கிடந்த ரவை சட்டென்று திரும்பியது. ஒரு குமிழிலிருந்து மற்றதற்கு வளைவு வளைவாக வரிசை கட்டியது.

தணிகைவேல் குனிந்து எண்ண ஆரம்பித்தார். போர்டில் அவர் போடுவது என்றைக்கும் எட்டுக் கோடுதான். மனுஷன் பதினேழு வரை எண்ணிவிட்டுத் தடுமாறினார்.

“இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல?”

“யார் கேட்டா?” என்றார் நப்பின்னை.

வசமாக மாட்டிக்கொண்டார் வாத்தியார்.

“கடைசி பெஞ்ச்சுல செங்கமலம்னு ஒரு பொண்ணு. நடுவுல விசை இருக்காதான்னு கேட்டா. கோடு இல்லாத இடத்துல ஒண்ணும் இல்ல, உட்காருன்னுட்டேன். கிளாஸே சிரிச்சுது. அப்புறம் அவ வாயே திறக்கல. இயற்பியல்தான் படிப்பேன்னு நின்னவ, நேத்து பி.காம் போறேங்கறா.”

சொல்லிவிட்டு ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

நப்பின்னை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் ரவைக் கிண்ணத்தை நீட்டினார்.

“ஒண்ணும் இல்லாத இடத்துல போடுங்க.”

தணிகைவேல் இரண்டு கோடுகளுக்கு நடுவே நாலைந்து ரவை மணிகளைப் போட்டார். அவை மெல்லத் திரும்பி, பக்கத்துக் கோடுகளைப் போலவே வளைந்து நின்றன. இன்னொரு இடைவெளியில் போட்டார். அங்கேயும் திரும்பின. விட மனசில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தட்டில் இடைவெளி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

“அப்ப திங்கக்கிழமை போர்டுல நான் எத்தனை கோடு போடறது மேடம்?”

“போர்டு பக்கம் போகாதீங்க சார். இந்தத் தட்டையும் கருவியையும் எடுத்துட்டுப் போய், கைப்பிடியை நீங்க சுத்துங்க,” என்றார் நப்பின்னை. “ரவையை அவ கையில குடுங்க.”