பூவனேந்தல் அப்பளத்தின் பத்திரமான விலாசம்

பூவனேந்தல் அப்பளச் சங்கத்தில் முட்டாள்கள் யாரும் இல்லை என்று சங்கமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அதனால் கோயம்புத்தூர் மொத்த வியாபாரி மீரான் ராவுத்தர், "உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டுத்தான் தீபாவளி ஆர்டர். இல்லைன்னா பக்கத்து ஊருக்குத்தான்" என்று சொன்னபோது யாரும் அசரவில்லை. செயலாளர் அங்கயற்கண்ணி மட்டும் உடனே வெப்சைட்டுக்கு ஆள் தேடச் சொன்னாள். அவள் பேச்சை நம்பித்தான் சங்கம் பழைய வியாபாரிகளையெல்லாம் சண்டை போட்டு விரட்டியிருந்தது.

வெப்சைட் செய்துதர டவுனிலிருந்து ஒரு தம்பி வந்தான். "யாரும் வைக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பேர் விட்டுப்போனாலே பந்தியில் கை நனைக்காத ஊர் அது. உறுப்பினர்கள் அத்தனை பேரின் பெயரையும் வரிசையாகக் கோத்துக் கொடுத்தார்கள்.

"இதை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அப்பளம் நமுத்துடும். சின்னதா வையுங்க. வெச்ச பேரை வெளியாள்கிட்ட சொல்லிடாதீங்க, முந்திக்கிட்டு எடுத்துக்குவாங்க."

சங்கம் கதவைச் சாத்திக்கொண்டு, கத்தி, கோபித்து, சமாதானமாகி ஒரு பேர் வைத்தது.

"சொல்லுங்க, பதிவு பண்ணிடறேன்" என்றான் தம்பி.

"நீ எந்த ஊரு?" என்று கேட்டார் தலைவர் ஆவுடையப்பன்.

"டவுனுங்க."

"அப்ப வெளியாள்தானே? கண்ணை மூடு."

அங்கயற்கண்ணியே தடவித் தடவி அடித்தாள். தம்பி கண்ணைத் திறந்தபோது கம்ப்யூட்டர் மேல் தலைவரின் துண்டு கிடந்தது. மாட்டுத் தரகர் விலை பேசுவதுபோல் துண்டுக்கடியில் கைவிட்டே மீதி வேலையை முடித்துவிட்டு அவன் ஓடிப்போனான்.

சாயங்காலம் ராவுத்தர் போன் செய்தார். "விலாசத்தைச் சொல்லும்மா, பார்க்கிறேன்."

"அதெப்படிங்க சொல்ல முடியும்?" என்று சீறினாள் அங்கயற்கண்ணி. "நீங்க எடுத்துக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"பக்கத்து ஊர்ல கேட்டதும் சொல்லிட்டாங்களேம்மா!"

"பாத்தீங்களா? அவங்களுக்கு ஒரு ரகசியம் காக்கத் துப்பில்லை. அவங்ககிட்ட போய் அப்பளம் வாங்கப் போறீங்களா?"

ஆவுடையப்பன் போனைப் பிடுங்கி உள்ளங்கையால் பொத்தினார். ஆர்டரும் வேண்டும், பேரும் வெளியே போகக்கூடாது. சங்கமே முகவாயைத் தடவியது. கடைசியில் அங்கயற்கண்ணிக்குத்தான் பளிச்சிட்டது.

"வெளியாளுக்குத்தானே சொல்லக்கூடாது? இவரை நம்ம சங்கத்துல சேர்த்துட்டா?"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ராவுத்தரும் அலுத்துப்போய், "சேர்த்துத் தொலைங்கம்மா" என்றார்.

வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு பேரைச் சொன்னாள். ராவுத்தர் பார்த்தார். பிடித்துவிட்டது.

"நல்லாயிருக்கு. பத்தாயிரம் பாக்கெட் அனுப்பிடும்மா."

"யாரு அனுப்பறது?" என்று கொதித்தாள் அங்கயற்கண்ணி. "இன்னிக்குச் சேர்ந்த ஆளு, இன்னிக்கே ஓபி அடிக்கிறீங்களா? உளுத்தம்மாவை லாரியில ஏத்திவிடறோம். உங்க பங்கை ஒழுங்கா இட்டு, காயவெச்சு அனுப்புங்க. கோயம்புத்தூர்லேருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கு, இங்க ஆள் பத்தலை!"