லூலா காலுல பால் டப்பா

ஒரு ஊர்ல ஒரு அக்காவும் தங்கச்சியும் இருந்தாங்களாம். நம்ம ஊரு இல்ல கண்ணு. கடலுக்கு அந்தாண்ட அமெரிக்கா இருக்குல்ல, அங்க மலையும் ஓடையுமா ஒரு சீமை. அந்த அக்கா தங்கச்சி செரோக்கி சனம். வெள்ளக்காரங்க கப்பல்ல வந்து எறங்குறதுக்கு எத்தனையோ காலம் முந்தியே அந்த தேசத்துல இருந்த சனம்.

அக்கா பேரு டார்கஸ், தங்கச்சி பேரு லூலா. டார்கஸ் ஊர் ஊராப் போயி, எங்க சனம் இப்படி, எங்க ஆட்டம் இப்படின்னு கதை சொல்லுவா. லூலாவுக்கு நாலு பேரு முன்னாடி பேச்சே வராது. அவளுக்கு எல்லாம் காலுதான். அவங்க ஆட்டத்துல நடுவுல தீ எரியும். ஆம்பள ஒருத்தரு ஒரு அடி பாடுவாரு, மத்தவங்க பதில் பாடுவாங்க. பொம்பளைங்க ஆமை ஓட்டுக்குள்ள கூழாங்கல்லப் போட்டு காலுல கட்டிக்கிட்டு, சலக்கு சலக்குன்னு மிதிச்சு வருவாங்க. அந்தச் சத்தம் இல்லேன்னா பாட்டே நகராது. சில பேரு ஓட்டுக்குப் பதிலா காலி பால் டப்பாவுல கல்லப் போட்டுக் கட்டிக்குவாங்க. லூலா காலுல பால் டப்பாதான். ம் கொட்டு... ஆங், அப்படி.

அப்புறம் என்னாச்சு, டார்கஸுக்குத் தொண்ட புண்ணாப் போச்சு. டாக்டரு டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, "ஒரு மாசம் வாயே தொறக்கக்கூடாது. மீறினா கொரலே போயிடும்"னுட்டாரு. ஆனா மூணு ஊருக்கு வர்றேன்னு வாக்கு குடுத்தாச்சே! டார்கஸ் ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா.

"எங்க கெளம்பிட்ட? உக்காருக்கா, நான் போறேன்"னா லூலா.

டார்கஸ் லூலாவோட வாயக் காட்டி, கையாலயே நீயான்னு கேட்டுச் சிரிச்சா.

"ஆமா, நானேதான். எனக்கு வரலேன்னா அப்புறம் நீ போ."

சொல்லிட்டாளே தவிர, வழியெல்லாம் அதே நெனப்புதான். நமக்கு வரலேன்னா அக்கா பேசப் போயிடுவா, அக்கா கொரலு போயிடும்.

மொத ஊரு, பள்ளிக்கூடம். மைக்கு முன்னாடி மரமாட்டம் நின்னு, "ஒசியோ"ன்னா. அவங்க பேச்சுல வணக்கம். பசங்க எல்லாம் அவ தலையையே பாக்குதுங்க. ஒரு பய எந்திரிச்சு, "தலையில எறகு எங்க?"ங்கிறான்.

"அது வேற சனம்டா. நாங்க அப்படி வைக்கிறதில்ல."

"கூடாரத்துலயா இருக்கீங்க?"

"வீட்டுலதான். கூரை ஒழுகுது, வந்து அடைச்சுக் குடுக்கிறியா?"

எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுதுங்க. கதைய யாரு கேட்டா!

ரெண்டாவது ஊரு, லைப்ரரி. எல்லாம் பெரியவங்க, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. லூலா தீ வந்த கதைய எடுத்தா. உலகமே குளிர்ல வெடவெடங்குது, தண்ணிக்கு நடுவுல ஒரு மரப் பொந்துல மட்டும் தீ இருக்கு, அத எடுக்கப் பறவை போச்சு கருகிருச்சு, பாம்பு போச்சு கருகிருச்சு, கடைசியா ஒரு குட்டிச் சிலந்தி முதுகுல கிண்ணத்த வச்சுக்கிட்டு தண்ணி மேல போகுது... அந்த எடத்துல லூலாவுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. எதிர்ல ஒருத்தர் ம்-னு கூட சொல்லலியே! சிலந்தி நடுத்தண்ணியில நின்னுபோச்சு. டப் டப்புன்னு நாலு கைதட்டு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தா, டார்கஸ் மொகத்தப் பாத்துட்டு ஷூவக் கையில எடுக்குறா.

"கீழ வை! இன்னும் ஒரு ஊர் இருக்கு!"

டார்கஸ் யோசிச்சா. அப்புறம் பால் டப்பாவ எடுத்து லூலா பையில திணிச்சா.

"பேசப் போற எடத்துல இது எதுக்குக்கா?"

டார்கஸ் சிரிச்சுக்கிட்டே பையத் தட்டிக் குடுத்தா.

மூணாவது ஊரு, குட்டிப் பசங்க பள்ளிக்கூடம். மத்தியானம் தூங்கி எந்திரிச்சு, கண்ணக் கசக்கிக்கிட்டு உன்னாட்டம் உக்காந்திருக்குதுங்க. லூலா ஆரம்பிச்சா. மறுபடியும் சிலந்தி நடுத்தண்ணியில நின்னுருச்சு. அசையவே மாட்டேங்குது. சரி, அவ்வளவுதான் நம்மால முடியும்னு பையத் தூக்கினா.

சலக்கு!

முன்னால வெரலச் சப்பிக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, தூக்கக் கலக்கத்துலயே காலத் தட்டுச்சு. டப்.

லூலா பைய ஆட்டினா. சலக்கு.

டப்.

அப்போதான் அவளுக்கு ஒறச்சுது. அடியே, நம்ம பாட்டே பதில்லதானே நகரும்! நாம காலக் கட்டிப்போட்டுட்டு நின்னா, அவங்க எதுக்குப் பதில் சொல்லுவாங்க? தரையில உக்காந்து, விறுவிறுன்னு டப்பாவக் காலுல கட்டினா.

"சிலந்தி எங்க நிக்குது?"

"தண்ணியில!"

"நடக்கட்டுமா?"

"நடக்கட்டும்!"

சலக்கு, டப். சலக்கு, டப். லூலா முன்னால போறா, பின்னாலயே வாண்டுங்க வால் மாதிரி சுத்தி சுத்தி வருதுங்க. சிலந்தி போச்சு, பொந்துல பூந்துச்சு, ஒரே ஒரு நெருப்புக் கங்கக் கிண்ணத்துல வச்சுக்கிட்டு, அலையில ஆடி ஆடித் திரும்பி வந்துச்சு.

"குளிர் போச்சா?"

"போச்சு!"

அப்புறம் லூலா காலுல டப்பாவோடயே வீட்டுக்கு வந்தா. டார்கஸ் ஷூவ மாட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. என்னாச்சுன்னு கேக்க வாயத் தொறந்தா பாரு, லூலா சட்டுனு கையக் காட்டித் தடுத்தா. பேச்சு எதுவும் வேணாம்னு காலத் தூக்கி மிதிச்சா.

சலக்கு.

டார்கஸ் வாய மூடிக்கிட்டா. ஒவ்வொரு ஷூவாக் கழட்டி ஓரமா வச்சா. வெறுங்கால படிப் பலகையில தட்டினா.

டப்.

சலக்கு... டப்... சலக்கு... எங்க, ம் சொல்லு கண்ணு. ம்... காணோமே. சரி, உன் ம் தூங்கிருச்சு, கதையும் அது பக்கத்துலயே படுத்துக்கிச்சு. தூங்கு சாமி, தூங்கு.