தொழுவத்து வேல்

கேளுங்கள், பரிதிவளவன் என்ற ராஜா ஆண்ட நாட்டில், கடலோரமாக ஓர் உப்பளத்து ஊர் இருந்தது. அங்கே மாடத்தி என்று ஒருத்தி. அவளுக்கென்று இருந்தது ஒரு ஜோடி மாடு. மாடு சுமந்தால்தான் உப்பு சந்தைக்குப் போகும். உப்பு போனால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

ஒரு நாள் உச்சிவெயிலில் மாட்டுத் திருடர்கள் வந்தார்கள். ஊரார் பறையடித்து ராஜாவின் சேவகர்களை அழைத்தார்கள். அவர்கள் ஓடி வருவதற்குள் மாடத்தியின் மாடுகளில் ஒன்று போயே போய்விட்டது.

"நல்லா வந்தீங்க ஐயா! சாணி கிடக்கு, அதையாவது காவல் காத்துக்கிட்டு நில்லுங்க" என்றாள் மாடத்தி. சேவகர் தலைவன் செங்கோடன் தலைகுனிந்தான்.

'இனி நமக்கு நாமே காவல்' என்று ஊரார் வீட்டுக்கு ஒரு வேல் செய்துகொண்டார்கள்.

இரண்டாம் முறை திருடர்கள் வந்தார்கள். வேலைக் கண்டதும் ஓடினார்கள். ஊரார் விடவில்லை, துரத்தினார்கள். உப்பு வெளியில் வெயில் பட்டுக் கண் கூசும்போது ஆள் முகமா தெரியும்? மாடத்தியின் கொழுந்தன் சங்கிலி வீசிய வேல், உதவிக்கு வந்த செங்கோடன் தொடையில் பாய்ந்தது.

ராஜா ஊராரை அழைத்தார். "உங்கள் வேல்களைப் பிடுங்கவா, என் காவலை விலக்கிக்கொள்ளவா?"

"ரெண்டும் வேணாம் மகாராசா" என்றாள் மாடத்தி. "சேவகர் வந்து சேர்ற வரைக்கும் வேல் எங்க கையில இருக்கட்டும். தொழுவத்து வாசலைத் தாண்டாது. அவங்க வந்ததும் கீழ வச்சிடுறோம்."

"கோபம் வந்தால் இந்த வாக்கு நிற்குமா?"

"நிக்கும்" என்றாள் மாடத்தி. ராஜா சம்மதித்தார்.

மூன்றாம் முறையும் வந்தார்கள். பறை முழங்கியது. ஊரார் தொழுவத்தைச் சுற்றி வேலோடு நின்றார்கள். ஒரு மாடும் அசையவில்லை. வாசலில் பாய்ந்த திருடன் ஒருவன் வழுக்கி, மாடத்தியின் காலடியில் விழுந்தான். அன்று அவள் மாட்டை ஓட்டிப் போனவன் அவன்தான்!

"உன் மாடு நல்லா உழுவுது" என்று சிரித்தான்.

"குத்து மதினி!" என்று கத்தினான் சங்கிலி.

மாடத்தியின் வேல் திருடன் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதற்குள் சேவகர்கள் வந்துவிட்டார்கள். மாடத்தி மூச்சை இழுத்து விட்டாள். வேலைத் தரையில் வைத்தாள்.

"இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களே ஐயா?"

"உங்க ஊர் வேலுக்குப் பயந்துதான் தாயி" என்றான் செங்கோடன். சங்கிலியும் சேர்ந்து சிரித்துவிட்டான்.

உயிரோடு பிடிபட்ட திருடன் விசாரணையில் மாட்டை விற்ற இடம் உட்பட எல்லாம் சொன்னான். மூன்றாம் நாள் மாடத்தியின் மாடு தொழுவத்துக்கு வந்து, துணை மாட்டின் கழுத்தை நக்கியது.

ஆகவே, ஆபத்து நேரத்தில் தன்னைக் காக்க ஆயுதம் எடுக்கலாம். ஆபத்து தீர்ந்ததும் தண்டிக்கும் வேலையைக் காவலிடமே விட்டுவிட வேண்டும்.